ஃபர்ம்வேர் அப்டேட்டில் படுத்துவிட்ட நெட்வொர்க் கேமராவை எழுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவின் ஃபர்ம்வேரை, அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க அப்டேட் பட்டனை அழுத்தியாயிற்று. சதவீதம் பாதியில் நின்றது, அல்லது நடுவில் கரண்ட் போனது, அல்லது எல்லாம் முடிந்த மாதிரி காட்டிவிட்டு கேமரா திரும்பி வரவே இல்லை. இப்படி நிற்கும் கேமராக்களில் கணிசமானவற்றை மீட்டுவிடலாம். மீட்கவே முடியாத நிலைக்குப் போனவற்றைப் பார்த்தால், அப்டேட் தோற்ற பிறகு பதற்றத்தில் கையில் கிடைத்த கோப்பையெல்லாம் ஏற்றிப் பார்த்தவைதான் அதிகம். அதனால் எதையும் எழுதுவதற்கு முன், கேமராவில் எந்தப் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கீழே வரும் பதில்கள் அந்த வரிசையில்தான் போகின்றன.

சதவீதம் நகரவே இல்லை. கரண்டை எடுத்துவிட்டு மறுபடி போடலாமா?

வேண்டாம், பொறுங்கள். பிரவுசரில் ஓடும் அந்தப் பட்டை பல கேமராக்களில் உள்ளே நடப்பதை அப்படியே காட்டுவதில்லை. கேமரா ரீஸ்டார்ட் ஆனதும் பக்கத்துடன் இருந்த தொடர்பு அறுந்துபோகும். பட்டை 60-லோ 99-லோ உறைந்து நிற்கும். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். குறைந்தது அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ய வேண்டாம், அப்டேட்டை இரண்டாம் முறை அழுத்தவும் வேண்டாம். அதற்குள் வேறொரு கணினியிலிருந்து பிங் செய்து (கேமரா பதில் தருகிறதா என்று கேட்டு) பார்ப்பதில் தவறில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகும் அசைவில்லை என்றால், ஒரே ஒரு முறை கரண்டை எடுத்து, பத்து நொடி விட்டுப் போடுங்கள். போட்டுப் போட்டு எடுக்காதீர்கள். சில கேமராக்கள் பாதியில் நின்ற அப்டேட்டை அடுத்த முறை எழும்போது தாமாகவே தொடரும்; சிலவற்றில் ஃபர்ம்வேர் இரண்டு பிரதியாக இருக்கும், புதியது எழவில்லை என்றால் பழையதுக்குத் திரும்பிவிடும். இரண்டுக்கும் நேரம் தேவை.

கேமரா நிஜமாகவே போய்விட்டதா, வெறும் முகவரி மாறிவிட்டதா? எப்படிப் பார்ப்பது?

"செத்துவிட்டது" என்று கொண்டுவரப்படும் கேமராக்களில் சில நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். அப்டேட் அமைப்புகளை அழித்திருக்கும். கேமரா தொழிற்சாலை முகவரிக்கோ, ரவுட்டர் தரும் புது முகவரிக்கோ போயிருக்கும். ஆப்பும் என்விஆரும் (கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். முதலில் தயாரிப்பாளரின் தேடும் கருவியை அதே நெட்வொர்க்கில் ஓட்டுங்கள்: ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, தாஹுவாவுக்கு கான்ஃபிக்டூல். அவை ஐபி வரிசை பொருந்தாவிட்டாலும் கேமராவைக் கண்டுபிடித்துவிடும். தாஹுவாவின் வழக்கமான தொழிற்சாலை முகவரி 192.168.1.108. ஹிக்விஷனுக்கு 192.168.1.64, மிகப் பழையவற்றுக்கு 192.0.0.64. ஆக்சிஸ் கேமராவுக்கு ரவுட்டர் முகவரி கிடைக்காவிட்டால் 192.168.0.90, ஆக்சிஸ் ஓஎஸ் 12 முதல் 169.254 என்று தொடங்கும் முகவரி.

கேமரா என்விஆரின் பின்பக்க பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் தரும்) போர்ட்டில் செருகியிருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அந்த போர்ட்டுகள் என்விஆருக்குள் இருக்கும் தனி நெட்வொர்க். உங்கள் கணினியிலிருந்து தேடினால் தெரியாது. தனி பிஓஇ ஸ்விட்ச் அல்லது 12 வோல்ட் அடாப்டரில் மேசை மேல் வைத்து வேலை செய்யுங்கள். ஏணியில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது.

தேடலில் வரவில்லை என்றால் காதையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டியதுதான். இரவு-பகல் மாறும் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன வடிகட்டித் தகடு இருக்கிறது. கேமரா எழும்போது அது இடம் மாறி 'டிக்' என்று சத்தம் போடும். கரண்ட் கொடுத்துவிட்டு காதை அருகில் வைத்துக் கேளுங்கள். ஒரு முறை டிக் கேட்டு, பிறகு அமைதி என்றால் உள்ளே இயங்குதளம் வரை எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். நெட்வொர்க் அமைப்பில்தான் சிக்கல். ஒரே இடைவெளியில் டிக், டிக் என்று வந்துகொண்டே இருந்தால், எழுந்து, விழுந்து, மறுபடி எழுகிறது. அதாவது பூட் லூப். சத்தமே இல்லை, ஆனால் ஸ்விட்சில் அந்த போர்ட்டின் விளக்கு சில நொடி எரிந்து, அணைந்து, மறுபடி எரிகிறது என்றால் பூட்லோடராவது (கரண்ட் வந்ததும் முதலில் ஓடி மற்றவற்றை எழுப்பும் சிறு நிரல்) ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த விளக்கும் இல்லை, உடம்பில் துளிச் சூடும் இல்லை என்றால் ஃபர்ம்வேரை விடுங்கள். அடாப்டர், கேபிள், பிஓஇ போர்ட் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். பகலெல்லாம் தாக்குப்பிடிக்கும் ஒரு சோர்ந்த அடாப்டர், அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் படுத்து, பூட் லூப் போலவே வேஷம் போடும்.

அப்டேட்டின்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

இது புரிந்தால் மற்ற பதில்கள் எல்லாம் தானாகப் புரியும். சாதாரண நெட்வொர்க் கேமராவில் 8 அல்லது 16 எம்பி அளவுள்ள ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். எட்டுக் கால் உள்ள சின்னக் கருப்புச் சிப். அதைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். முதலில் பூட்லோடர், பெரும்பாலும் யூ-பூட். அடுத்து அதன் அமைப்புகள், பிறகு இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல், பிறகு நிரல்கள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டம், கடைசியில் உங்கள் பாஸ்வேர்டும் ஐபி முகவரியும் இருக்கும் கான்ஃபிக் பகுதி.

ஃபிளாஷில் பழையதன் மேல் அப்படியே எழுத முடியாது. ஒரு துண்டை முதலில் அழிக்க வேண்டும். அழித்தால் அதிலுள்ள எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். அதன் பிறகுதான் புதியதை எழுத முடியும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் கரண்ட் போனால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். கெர்னல் பாதி, நிரல்கள் பாதி என்று இருந்தால் கேமரா எழாது.

நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான அப்டேட்டுகள் பூட்லோடரைத் தொடுவதில்லை. தொட்டாலும் அது சில நொடி வேலை. அதனால் கெர்னல் சிதைந்தாலும் பூட்லோடர் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது பிழைத்திருந்தால் கேமராவும் பிழைக்கும். இனி வரும் வழிகளில் சிப்பை நேரடியாக எழுதுவது தவிர மற்ற எல்லாமே பூட்லோடரின் கையைப் பிடித்துக்கொண்டு செய்பவைதான்.

ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடாதா?

சில நேரம் ஆகும். ரீசெட் அழிப்பது கான்ஃபிக் பகுதியை மட்டும். புது ஃபர்ம்வேர் ஒழுங்காக ஏறி, பழைய அமைப்புகளைப் படிக்கத் தெரியாமல் விழுகிறது என்றால் ரீசெட் அருமையாக வேலை செய்யும். கெர்னலோ நிரல் பகுதியோ சிதைந்திருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் பலனில்லை.

முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் முறையாகச் செய்யுங்கள். பெரும்பாலான மாடல்களில் கரண்ட் இல்லாதபோது பட்டனை அழுத்தி, பிடித்தபடியே கரண்ட் கொடுத்து, 15 முதல் 30 நொடி விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஆக்சிஸில் நிலை விளக்கு ஆரஞ்சு மஞ்சளில் மின்னத் தொடங்கும்வரை பிடிக்க வேண்டும். வெளியே பட்டன் தெரியாவிட்டால் மெமரி கார்டு மூடிக்கு உள்ளே பாருங்கள். டோம் கேமராக்களில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மெமரி கார்டு வழியாக ஏற்ற முடியுமா?

வீட்டு உபயோக வைஃபை கேமராக்களில் இதுதான் எளிய வழி. பூட்லோடர் எழும்போது கார்டில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை எடுத்து ஃபிளாஷில் எழுதும். உதாரணத்துக்கு, வைஸ் இரண்டாம் தலைமுறை கேமராவில் கோப்பின் பெயர் demo.bin. செட்டப் பட்டனைப் பிடித்தபடி கரண்ட் கொடுத்து, விளக்கு நீலமானதும் விட வேண்டும்.

கார்டு விஷயத்தில்தான் பலர் தோற்கிறார்கள். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த கார்டாக எடுங்கள். ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் ஆக இருக்கும், பூட்லோடருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கோப்பு எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் நேராகக் கார்டின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைத்திருந்தால் பெயர் மாற்றும்போது பின்னொட்டு இரண்டு முறை விழுந்துவிடும், அதையும் பாருங்கள்.

டிஎஃப்டிபி வழி என்கிறார்களே, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

டிஎஃப்டிபி என்பது நெட்வொர்க் வழியாகக் கோப்பை அனுப்பும் எளிய முறை. கம்பி வழிக் கேமராக்களுக்கு இதுதான் முதல் நம்பிக்கை. கேமராவைத் திறக்கவே வேண்டாம். எழும் சில நொடிகளில் பூட்லோடர் ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரியில் உதவிக்கு யாராவது இருக்கிறார்களா என்று நெட்வொர்க்கில் கேட்கும். அந்த முகவரியில் உங்கள் கணினி உட்கார்ந்திருந்தால், கோப்பை வாங்கிக்கொண்டு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும். எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை. பல ஹிக்விஷன் மாடல்களில் உண்டு, அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

கணினியின் ஐபி முகவரியை 192.0.0.128 என்றும், சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் கையால் அமையுங்கள். கேட்வே காலியாக இருக்கட்டும். வைஃபையை அணையுங்கள், விபிஎன் இருந்தால் மூடுங்கள். ஃபயர்வாலையும் ஆண்டிவைரஸின் நெட்வொர்க் காவலையும் இந்த வேலை முடியும்வரை நிறுத்துங்கள். டிஎஃப்டிபி யூடிபி 69-ஆம் போர்ட்டில் வருகிறது, ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும். இந்த வகைக் கேமராக்கள் 9978-ஆம் போர்ட்டிலும் ஒரு முன்விசாரணை நடத்தும். அதற்குப் பதில் சொல்லாத பொதுவான டிஎஃப்டிபி சர்வர் போதாது. தயாரிப்பாளரின் சொந்தக் கருவியோ, அதே வேலையைச் செய்யும் திறந்த மூலக் கருவியோ வேண்டும். ஃபர்ம்வேர் கோப்பு டிஜிகேப் என்ற பெயரோடும் டிஏவி என்ற பின்னொட்டோடும் (digicap.dav) கருவி இருக்கும் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம்: கேமராவைக் கணினியில் நேரடியாகச் செருகாதீர்கள். நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வையுங்கள். நேரடியாகச் செருகினால், கேமரா கரண்ட் இழந்த உடனே கணினி "கேபிள் இல்லை" என்று நெட்வொர்க் அட்டையைக் கீழே இறக்கிவிடும். கேமரா மறுபடி எழுந்து கேட்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள் அட்டை தயாராகியிருக்காது. ஸ்விட்ச் நடுவில் இருந்தால் கணினிப் பக்கத்து இணைப்பு அறுவதே இல்லை. "பத்து தடவை முயன்றேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே ஸ்விட்ச் வைத்தீர்களா என்பதுதான்.

கருவியை முதலில் ஓட்டிவிட்டு, அதன் பிறகு கேமராவுக்குக் கரண்ட் கொடுங்கள். இணைந்தது, அனுப்புகிறது, அனுப்பி முடிந்தது என்று வரிகள் வரும். "அனுப்பி முடிந்தது" என்றதும் கரண்டை எடுத்துவிடாதீர்கள்! அந்த நேரத்தில் கோப்பு ராம் நினைவகத்தில்தான் இருக்கிறது. ஃபிளாஷை அழிப்பதும் எழுதுவதும் இனிமேல்தான். அப்டேட் முடிந்தது என்ற வரி வந்து, மேலும் பத்து நிமிடமாவது போகட்டும்.

கருவியில் எந்த வரியும் வரவில்லை. கேமரா கேட்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓட்டி, ஏஆர்பி (ஒரு ஐபி முகவரி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் செய்தி) என்று வடிகட்டி வைத்துக்கொண்டு கேமராவுக்குக் கரண்ட் கொடுங்கள். பூட்லோடர் உயிரோடு இருந்து உதவி தேடினால், "192.0.0.128 யாரிடம் இருக்கிறது? 192.0.0.64-க்குச் சொல்லவும்" என்ற பொருளில் ஒரு வரி விழும். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான்.

பெயர் தெரியாத கேமராவுக்கும் இதே தந்திரம் பயன்படும். எந்த முகவரியைத் தேடுகிறது என்று ஏஆர்பி வரி சொல்லிவிடும். கணினிக்கு அந்த முகவரியைக் கொடுத்துவிட்டு மறுபடி எழுப்பினால், அடுத்ததாக டிஎஃப்டிபி கோரிக்கை வரும். அதில் கேமரா எதிர்பார்க்கும் கோப்பின் பெயரே எழுத்து எழுத்தாக இருக்கும். கையேட்டில் இல்லாததைக் கேமரா தானே சொல்லிவிடுகிறது.

ஏஆர்பி வரியே வரவில்லை என்றால் பூட்லோடர் நெட்வொர்க்கைத் தொடாத வகையாக இருக்கலாம், அல்லது அதுவும் போயிருக்கலாம். இரண்டில் எது என்று கேமராவின் போர்டில் இருக்கும் சீரியல் போர்ட் (கணினியோடு எழுத்துகளாகப் பேசும் இணைப்பு) சொல்லும்.

எந்தக் கோப்பை ஏற்றுவது? அதே பிராண்டின் பக்கத்து மாடல் கோப்பு ஓடுமா?

ஓடலாம், ஓடாமலும் போகலாம். அந்தச் சூதாட்டம் வேண்டாம். வெளியே ஒரே உருவம், ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே சிப்பும் பட உணரியும் வேறாக இருக்கும். உணரி மாறினால் கேமரா எழும், படம் மட்டும் கருப்பாக வரும். கேமராவின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து உட்பட, ஒப்பிடுங்கள். முன்பு எந்தப் பதிப்பு ஓடியது என்று தெரிந்தால் அதே பதிப்பு, இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்துப் பதிப்பு. பிழைத்து எழுந்த பிறகு புதியதற்குப் போகலாம். அதிலும் சில மாடல்களில் நடுவில் ஒரு பதிப்பில் நின்றுதான் போக வேண்டும், வெளியீட்டுக் குறிப்பில் அது இருக்கும்.

ஒரு நாட்டுச் சந்தைக்கென்று தயாரித்து, மொழி மட்டும் மாற்றி வேறு நாட்டில் விற்ற கேமராக்கள் தனி ரகம். அவற்றில் அதிகாரப்பூர்வக் கோப்பை ஏற்றினால் மொழி பொருந்தவில்லை என்று சொல்லி அது எழாமல் நிற்கலாம். ஸ்டிக்கரையும் பழைய மெனுவின் மொழியையும் பார்த்து அந்தச் சந்தைக்கான கோப்பைத் தேடுங்கள்.

கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். அவர்கள் எஸ்எச்ஏ-256 அல்லது எம்டி5 கூட்டுத்தொகை (கோப்பு சிதையவில்லை என்று உறுதி செய்யும் எண்) கொடுத்திருந்தால் சரிபாருங்கள். இடையில் அறுந்த டவுன்லோடுதான் முதல் தோல்விக்கே காரணம் என்று அங்கேயே தெரிந்துவிடுவதும் உண்டு.

சீரியல் போர்ட் வழியாகப் பேசுவது எப்படி?

இங்கிருந்து திருப்புளி எடுக்க வேண்டும். உத்தரவாதம் மிச்சமிருந்தால் எடுக்காதீர்கள், நேராக சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

போர்டில் மூன்று அல்லது நான்கு துளைகள் வரிசையாக இருக்கும், சில நேரம் வெறும் வட்டப் புள்ளிகளாக. மல்டிமீட்டரை எடுத்து, கரண்ட் இல்லாதபோது, நெட்வொர்க் சாக்கெட்டின் உலோக உறையோடோ மின்சார நெகட்டிவோடோ தொடர்பு காட்டும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள், அது கிரவுண்ட். பிறகு கரண்ட் கொடுத்துப் பார்த்தால், எழும்போது 3.3 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே துடித்துக்கொண்டிருப்பது கேமராவின் டிஎக்ஸ், அதாவது அனுப்பும் கால். அசையாமல் 3.3-இல் நிற்பது மின்சாரக் கால். மிச்சமிருப்பது ஆர்எக்ஸ், அதாவது வாங்கும் கால்.

இந்தக் கால்களைக் கணினியோடு இணைக்க யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்று வேண்டும். சிபி2102, சிஎச்340, எஃப்டி232 எதுவானாலும் சரி, 3.3 வோல்ட்டில் வைத்திருக்க வேண்டும். 5 வோல்ட்டில் வைத்தால் பிழைக்க வேண்டிய கேமராவையும் கொன்றுவிடும். கிரவுண்டோடு கிரவுண்ட், கேமராவின் டிஎக்ஸோடு அடாப்டரின் ஆர்எக்ஸ், அதன் ஆர்எக்ஸோடு இதன் டிஎக்ஸ். மின்சாரக் காலை இணைக்கவே கூடாது. கேமரா தன் சொந்த அடாப்டரிலேயே ஓடட்டும். புட்டி மாதிரி ஒரு டெர்மினல் மென்பொருளில் வேகம் 115200, எட்டு டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். ஃப்ளோ கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துகள் வரும், நீங்கள் தட்டுவது போகாமல் நிற்கலாம்.

கரண்ட் கொடுத்ததும் யூ-பூட்டின் பெயரும் பதிப்பும் திரையில் ஓடும். அப்போது கேமரா தானாக எழுவதை நிறுத்த ஒரு நொடிதான் கிடைக்கும். பலவற்றில் ஏதாவது ஒரு சாவி அல்லது கண்ட்ரோல்-சி, ஹிக்விஷனில் கண்ட்ரோல்-யூ. கரண்ட் கொடுப்பதற்கு முன்பே தட்டத் தொடங்கிவிடுங்கள்.

நிறுத்திவிட்டேன். இப்போது என்ன?

கை துறுதுறுக்கும், பொறுங்கள். முதலில் அமைப்புகளை அச்சிடும் கட்டளையைக் கொடுத்து வருவது அத்தனையையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, மேக் முகவரி (நெட்வொர்க்கில் அந்தச் சாதனத்தின் தனி அடையாள எண்) என்ன, கேமரா எந்த சர்வர் முகவரியைத் தேடும் என்று எல்லாம் அதில் இருக்கும். அடுத்து முழு ஃபிளாஷையும் ராமுக்கு வாசித்து, டிஎஃப்டிபி வழியாகக் கணினிக்கு அனுப்பிப் பிரதி எடுங்கள். யூ-பூட் எண்களை ஹெக்ஸாகவே (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள்: 8 எம்பி என்றால் ஹெக்ஸில் 800000, 16 எம்பி என்றால் 1000000. ஒரு பூஜ்யம் தவறினாலும் அழிக்கும் கட்டளை பக்கத்து வீட்டையும் இடித்துவிடும்.

பிரதி கையில் இருந்தால், அப்புறம் செய்யும் எந்தத் தவறையும் திருத்தலாம்.

சிதைந்த பகுதியின் படக்கோப்பை (அந்தப் பகுதியின் முழு நகல்) ராமில் இறக்குங்கள். பல ஹைசிலிகான் போர்டுகளில் அதற்கான முகவரி ஹெக்ஸில் 82000000. வந்த அளவு கணினியில் உள்ள அளவோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தப் பகுதியை மட்டும் அழித்து எழுதுங்கள். முதல் பகுதியான பூட்லோடரைத் தொடாதீர்கள். உங்களோடு பேசிக்கொண்டிருப்பதே அதுதான்.

இன்னொன்று. தயாரிப்பாளர் தரும் அப்டேட் கோப்பை அப்படியே ஃபிளாஷில் எழுதிவிடக் கூடாது. அது ஒரு பொட்டலம். தலைப்பகுதி, சரிபார்ப்பு எண், சில நேரம் மறைகுறியாக்கம் எல்லாம் சேர்ந்தது. தாஹுவாவின் பல அப்டேட் கோப்புகள் உண்மையில் ஜிப் தொகுப்புகள்தான், முதல் இரண்டு எழுத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். உள்ளே இருக்கும் தனித்தனிப் படக்கோப்புகளைப் பிரித்தெடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

சீரியலில் ஓடும் வரிகளில் எதைக் கவனிப்பது?

எங்கே நின்றது என்பதை. செக்சம் சரிபார்க்கும் வரியில் "பேட் டேட்டா சிஆர்சி" என்று வந்தால் கெர்னல் சிதைந்திருக்கிறது. கெர்னல் ஓடத் தொடங்கி, நூறு வரிக்குப் பிறகு ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று "கெர்னல் பேனிக்" அடித்தால் நிரல் பகுதி போயிருக்கிறது, கெர்னல் நன்றாக இருக்கிறது. எல்லாம் மவுண்ட் ஆகி, கேமராவின் முக்கிய நிரல் விழுந்து, வாட்ச்டாக் (நிரல் நின்றால் கேமராவை மறுபடி எழுப்பும் காவல்) மறுதொடக்கம் செய்கிறது என்றால் முதலில் கான்ஃபிக் பகுதியைச் சந்தேகியுங்கள். அதை மட்டும் அழித்தால் போதும் என்று முடிவதும் உண்டு. இணைப்பு சரியாக இருந்தும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் பூட்லோடரே இல்லை, அல்லது தயாரிப்பாளர் சீரியலை அடைத்து வைத்திருக்கிறார்.

பூட்லோடரும் போய்விட்டால்?

சிப்பை நேரடியாக எழுத வேண்டும். எட்டுக் கால் கிளிப், ஒரு புரோகிராமர், ஃபிளாஷ்ராம் போன்ற மென்பொருள் தேவை. மலிவாகக் கிடைக்கும் கருப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர்களில் மின்சாரக் கால் 3.3 வோல்ட் தந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும் ரகம் நிறைய உண்டு. அளந்து பார்த்து, திருத்திய பிறகே பயன்படுத்துங்கள். சில சிப்புகள் 1.8 வோல்ட்டில் ஓடுபவை. சிப்பின் மேல் உள்ள எண்ணை முழுதாகப் படித்து டேட்டாஷீட்டைப் பார்த்துவிடுங்கள். விண்பாண்ட் 25கியூ64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி; 25கியூ128 என்றால் 16 எம்பி.

கேமராவின் கரண்ட் துண்டித்திருக்க வேண்டும். எழுதுவதற்கு முன் இரண்டு மூன்று முறை வாசித்து, கோப்புகள் பிட் மாறாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது புரோகிராமரின் மின்சாரம் போர்டிலுள்ள மற்றச் சிப்புகளுக்குப் பாய்கிறது. அப்போது சிப்பைக் கழற்றித்தான் எழுத வேண்டும்.

அதே மாடலில் நல்ல கேமரா ஒன்று இருக்கிறது. அதன் முழுப் பிரதியை இதில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் மேக் முகவரியும் தொடர் எண்ணும் கிளவுட் அடையாளமும் சேர்ந்தே வந்துவிடும். ஒரே நெட்வொர்க்கில் ஒரே மேக் முகவரியோடு இரண்டு கேமரா இருந்தால் இரண்டுமே மாறி மாறி விழும். ஆப்பில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று தெரியும். எனவே நல்லதிலிருந்து பூட்லோடர், கெர்னல், நிரல் பகுதிகளை மட்டும் எடுங்கள். அடையாளம் இருக்கும் பகுதியை உங்கள் பழைய பிரதியிலிருந்தே வையுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவியோடு மறைகுறியாக்கம் செய்த புதிய மாடல்களில் இது நடக்காது.

கார்டில் இருக்கும் பழைய பதிவுகள் போய்விடுமா?

ஃபர்ம்வேர் ஃபிளாஷ் சிப்பில், பதிவுகள் கார்டில். ஆனால் மீண்டு எழும் கேமரா கார்டைத் தானே ஃபார்மேட் செய்துவிடலாம். வேலை தொடங்கும் முன்பே கார்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். மீட்புக்கு வேறு கார்டு எடுங்கள்.

தயாரிப்பாளர் கோப்பே தரவில்லை, நிறுவனமும் மூடிவிட்டது. வழி உண்டா?

உண்டு, சிப்பைப் பொறுத்து. ஓபன்ஐபிசி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் ஹைசிலிகான், கோக், சிக்மாஸ்டார், இன்ஜெனிக் போன்ற பல சிப்புகளுக்கு இருக்கிறது; இன்ஜெனிக் சிப்புகளுக்கென்று திங்கினோவும் உண்டு. சிப்பின் பெயர், உணரியின் பெயர், ஃபிளாஷ் அளவு மூன்றும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். தயாரிப்பாளரின் ஆப்பும் கிளவுட்டும் போய்விடும், ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க் வழியாக நேரடி வீடியோ அனுப்பும் பொது முறை) படம் வரும். கைவிடப்பட்ட கேமராவுக்கு இது நல்ல இரண்டாம் வாழ்க்கை.

எழுந்துவிட்டது, ஆனால் என்விஆரில் படம் வரவில்லையே?

முதலில் கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். ரீசெட் ஆன கேமரா பல வருடம் பின்னால் இருக்கும். ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கேமராவும் என்விஆரும் பேசிக்கொள்ளும் பொது முறை) உள்நுழைவில் நேரமும் சேர்ந்தே போகிறது. இரண்டு பக்கத்து நேரமும் வெகுவாக விலகினால் சரியான பாஸ்வேர்டைக்கூட "தவறு" என்று தள்ளிவிடும். அடுத்து, புதிய ஃபர்ம்வேர்களில் ஆன்விஃப் தொடக்கத்தில் அணைத்தே வருவது வழக்கமாகிவிட்டது. அதை இயக்கி அதற்கென்று தனிப் பயனரை உருவாக்க வேண்டும். பழைய என்விஆருக்கு எச்.265 என்ற வீடியோ சுருக்க முறை புரியாது என்றால் எச்.264-க்கு மாற்றுங்கள்.

இவ்வளவு வம்பு எதற்கு, அப்டேட் செய்யாமலே விட்டுவிடலாமே?

அப்படிக் கவனிக்காமல் விட்ட கேமராக்கள்தான் 2016-இல் மிராய் என்ற தாக்குதல் படையின் சிப்பாய்களாக மாறின. தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் நின்றிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது வளைத்துப் போட்டது. 2021-இல் வெளியான சிவிஇ-2021-36260 என்ற ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் ஏராளமான ஹிக்விஷன் மாடல்களைக் கைப்பற்ற வழி விட்டது. அதற்கு மருந்து ஃபர்ம்வேர் அப்டேட் ஒன்றுதான். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் எட்டிப் பார்க்கும் சாதனம் இது. அதை ஓட்டையோடு விடுவது எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் அடுத்த முறை எப்படிச் செய்வது?

வைஃபையில் வேண்டாம், கம்பியில் செய்யுங்கள். கேமரா, ஸ்விட்ச், கணினி மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கேமராவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஸ்விட்சை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. தொடங்கும் முன் கேமராவை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மாதக்கணக்கில் ஓடிய கேமராவில் ராம் நெருக்கடியாக இருக்கும், முழுக் கோப்பையும் அது அங்கேதான் வாங்கி வைக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் படங்களை மூடுங்கள். கான்ஃபிகரேஷனை ஏற்றுமதி செய்து வையுங்கள், ஓடும் பதிப்பின் எண்ணையும் குறித்து, அந்தப் பதிப்பின் கோப்பையும் தேடி எடுத்து வையுங்கள். இருபது கேமரா இருந்தால் இருபதையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒன்றில் செய்து, ஒரு நாள் ஓடவிட்டு, இரவுப் படமும் பதிவும் ஒழுங்காக வருவதைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

எப்போது கைவிடுவது?

பூட்லோடர் பேசவில்லை, தயாரிப்பாளர் கையொப்பம் இல்லாத எதையும் சிப் ஏற்பதில்லை, அதே கேமராவின் பழைய பிரதியும் உங்களிடம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நிறுத்திவிடலாம். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், திறக்காத கேமராவை அப்டேட் தோற்றது என்று உள்ளதை உள்ளபடி எழுதி, நாள், பழைய பதிப்பு, ஏற்ற முயன்ற கோப்பின் பெயர் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். லென்ஸ், உறை, அடாப்டர், கேபிள் வால் எல்லாம் அதே மாடலின் இன்னொரு கேமராவுக்கு உதிரிப் பாகமாக உதவும். போர்டைத் தூக்கிப் போடும் முன் ஃபிளாஷ் சிப்பில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இன்னும் இருக்கலாம் என்பதால் அந்த வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.